'கொரோனா பேட்ச்' என்ற முத்திரை: ஆன்லைன் தேர்வில் தோற்றது மாணவர்களா, தேர்வு முறையா?

2021 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். மதுரையில் நடக்கவிருந்த நேர்காணலுக்காக ஒரு தனியார் வங்கி நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. பட்டதாரிகள் வரலாம் என்று சொன்ன அந்த விளம்பரத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருந்தது: 2021-ல் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதியில்லை. அன்று மாலைக்குள் அந்த வரி இல்லாத கல்லூரி வாட்ஸ்அப் குழுவே இல்லை. பிறகு வங்கி விளக்கம் கொடுத்தது. அது அச்சுப்பிழையாம், 2021-ல் முடித்தவர்களும் வரலாம் என்றுதான் இருந்திருக்க வேண்டுமாம்.

அச்சுப்பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், அந்த வரியைப் படித்த ஒருவருக்குக்கூட அது பிழையாக இருக்கும் என்று தோன்றவில்லை. 'வீட்ல உட்கார்ந்து பார்த்து எழுதினவங்கதானே' என்ற பேச்சு அதற்கு முன்பே ஊரெங்கும் இருந்தது. அரியர் தேர்வுகள் ரத்தானபோது வந்த மீம்களில் இருந்தது. 'நீங்க கொரோனா பேட்ச்சா?' என்று நேர்காணலில் சிரித்துக்கொண்டே கேட்கப்பட்ட கேள்வியில் இருந்தது. அந்த பேட்ச்சில் படித்து முடித்தவர்கள் இன்று டீம் லீடாகக்கூட ஆகியிருப்பார்கள். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த மாணவர்கள் உண்மையில் எதை எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதைத் திரும்பிப் பார்த்தால், இந்த முத்திரை ஒட்டப்பட்ட இடம் தவறு என்பது புரியும்.

இரண்டு ஆண்டுகளில் எத்தனை விதிகள்?

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. 'ரெண்டு வாரம்' என்று நினைத்து, ஹாஸ்டல் அறையிலேயே புத்தகங்களை வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் பலர். ஜூலையில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு அந்த செமஸ்டர் தேர்வு ரத்து என்று அறிவித்தார். இன்டர்னல் மதிப்பெண்ணையும் முந்தைய செமஸ்டர் மதிப்பெண்ணையும் கலந்து தேர்ச்சி போடப்பட்டது. ஆகஸ்ட்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது: தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ். முதல்வரைப் புகழ்ந்து மாணவர்கள் பெயரில் பேனர்கள் முளைத்தன. ஏ.ஐ.சி.டி.இ. ஆட்சேபம் தெரிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்ற நிலையை 2021 ஏப்ரலில் நீதிமன்றம் எடுத்தது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை. தேர்வு நடத்தாமல் பட்டம் தரக் கூடாது என்று யு.ஜி.சி. சொன்னதை, 2020 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த ஒரே மாதத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் ஒரு மணி நேர கொள்குறி வகைத் தேர்வை, கேமரா கண்காணிப்புடன் ஆன்லைனில் நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே தாளில் எழுதி ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னது. புதுவைப் பல்கலைக்கழகம் புத்தகம், நோட்ஸ் பார்த்தே எழுதலாம் என்றது. ஒரே மாதம், ஒரே மாதிரியான பட்டங்கள், மூன்று வேறு வேறு தேர்வுகள்.

பெரிய அடி 2021 பிப்ரவரியில் விழுந்தது. தள்ளிப்போன நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் அதே கண்காணிப்பு முறையில் நடத்தியது. ஏப்ரலில் முடிவு வந்தபோது மாணவர்கள் அதிர்ந்துபோனார்கள். தோல்வி எண்ணிக்கை வழக்கத்தைவிட மிக அதிகம். அதோடு, முறைகேடு சந்தேகத்தில் முடிவே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். எல்லா செமஸ்டரும் நன்றாகப் படித்தவர்களும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டதாகப் புகார்கள் குவிந்தன. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, மறுதேர்வு எழுத வாய்ப்பு தரப்படும் என்று அறிவித்தார்.

மறுதேர்வு கேமரா இல்லாமல் நடந்தது. வினாத்தாளை இறக்கி, மூன்று மணி நேரம் கையால் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றி, அசல் தாளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டும். சில மாதங்கள் முன்பு கண்ணை அசைத்தாலே சந்தேகப்பட்ட அதே அமைப்பு, இப்போது யாரும் பார்க்காத அறையில் மூன்று மணி நேரத்தைக் கொடுத்தது.

கேமரா எதைப் பார்த்தது?

இந்தக் கண்காணிப்பு மென்பொருட்களை 'ஏ.ஐ.' என்று சொல்லும்போது ஏதோ மனதைப் படிக்கும் இயந்திரம் போல ஒரு பிரமை வந்துவிடுகிறது. வேலை எளிமையானதுதான். திரையில் முகம் இருக்கிறதா, இரண்டாவது முகம் வந்ததா, பார்வை எவ்வளவு நேரம் விலகியது, மைக்கில் பேச்சுக்குரல் கேட்டதா, வேறு டேப் திறக்கப்பட்டதா, இணைப்பு அறுந்ததா என்று குறித்துக்கொண்டே போகும். குறிப்புகள் ஓர் எல்லையைத் தாண்டினால் சிவப்புக் கொடி. 'இவர் பிட் அடித்தார்' என்று அது சொல்வதில்லை. 'இங்கே ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறது. வழக்கம் எது என்பதுதான் கேள்வி. தனி அறை, மேசை, லேப்டாப், நல்ல வெளிச்சம், அமைதி: இதுதான் அந்த மென்பொருளுக்குத் தெரிந்த வழக்கம்.

ஊரடங்கில் நம் வீடுகள் எப்படி இருந்தன? ஒரே ஹாலில் அப்பா, அம்மா, பாட்டி, பள்ளியில் படிக்கும் தம்பி. தம்பிக்கும் அதே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு. குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி ஸ்பீக்கர், பக்கத்துக் கோயில் மைக். லேப்டாப் இல்லாதவர்கள் செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் தேர்வுத் திரை போய்விடும். அதுவே ஒரு குறிப்பு. 'அம்மா, யாரும் இந்தப் பக்கம் வராதீங்க' என்று கத்திவிட்டு உட்கார்ந்தாலும், அந்தக் கத்தலே மைக்கில் பதிவாகும்.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. கல்லூரியில் இருந்தால் மாணவி. வீட்டில் இருந்தால், தேர்வு பத்து மணிக்கு என்றாலும் ஒன்பதரை வரை அடுப்படியில் வேலை இருக்கும். போன் ஒன்றுதான் என்றால் அது பெரும்பாலும் அண்ணன் கையிலோ அப்பா பையிலோ இருக்கும். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளும் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கோ, விதிப்படி அனுமதிக்கப்பட்ட உதவியாளரே கேமராவுக்கு 'இரண்டாவது முகம்'.

கேமராவுக்கு முகமே தெரியாமல் போவதும் உண்டு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். தோல் நிறமும் இதில் சேர்கிறது. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருட்களை அவர்கள் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டுக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் ஒரு மென்பொருளின் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. தேர்வுக் கண்காணிப்பு இதே வேலை அல்ல என்றாலும், முகத்தைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டுக்கும் முதல் படி. தமிழ்நாட்டு நிறத்தில் இருக்கும் லட்சக்கணக்கான முகங்களை, நாற்பது ரூபாய் பல்ப் வெளிச்சத்தில், மலிவு விலை போன் கேமரா வழியாகப் பார்க்கும்போது என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா?

ஒரு சின்ன கணக்கு, வெறும் கற்பனைக்கு. 1,000 பேர் தேர்வு எழுதுகிறார்கள். அதில் 50 பேர் உண்மையிலேயே பிட் அடிக்கிறார்கள். மென்பொருள் நல்ல மென்பொருள்: பிட் அடிப்பவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடித்துவிடும், நேர்மையானவர்களில் 10 விழுக்காட்டினரை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது எண்ணிப் பாருங்கள். பிடிபட்ட குற்றவாளிகள் 45 பேர். தவறாக மாட்டிக்கொண்டவர்கள், மீதி 950 பேரில் 95 பேர். சிவப்புக் கொடி வாங்கிய 140 பேரில் மூன்றில் இரண்டு பங்கு நிரபராதிகள். இயந்திரம் கெட்டுப்போகவே இல்லை. சொன்னபடிதான் வேலை செய்தது. கொடியை ஆதாரம் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் வழக்கறிஞர் தகுதித் தேர்வை ஆன்லைனில் நடத்தியது. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சந்தேகப் பட்டியலில் வந்தார்கள். மனிதர்கள் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்த பிறகு அவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே எழுதியவர்கள் சில ஆயிரம் பேர் என்பதால் அது முடிந்தது. இங்கே ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் லட்சக்கணக்கானவர்கள், ஆளுக்குப் பல பாடங்கள். எல்லா வீடியோவையும் பொறுமையாகப் பார்க்க யாருக்கு நேரம்?

முடிவு நிறுத்தப்பட்டவர்களை அதிகம் வாட்டியது ஃபெயில் ஆனதுகூட அல்ல. ஃபெயில் என்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். 'என்ன செய்தேன் என்று பிடித்தீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததுதான். தேர்வறையில் பிட்டுடன் பிடித்தால், அந்தச் சீட்டைக் கையில் வைத்து, எதிரே நிற்க வைத்துக் கேட்பார்கள். இங்கே சீட்டும் இல்லை, பிடித்த ஆளும் இல்லை. முடிவுப் பட்டியலில் ஒரு குறி மட்டும் இருந்தது. வேலைக்கான ஆஃபர் லெட்டர் வாங்கி வைத்திருந்த மாணவர், வீட்டில் அந்தக் குறியை எப்படி விளக்குவார்?

அப்படியென்றால் யாருமே பிட் அடிக்கவில்லையா?

அடித்தார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு போனில் தேர்வு, இன்னொரு போனில் வாட்ஸ்அப் குழு. 'பதினேழாவது கேள்வி ஆப்ஷன் சி' என்று பதில் வந்து விழுந்த கதைகளை அந்த பேட்ச் மாணவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மூன்று மணி நேரத் தேர்வு வந்ததும் நண்பர்கள் ஒரே வீட்டில் கூடி 'கம்பைண்ட் எக்ஸாம்' எழுதியதும் நடந்தது. ஆனால், இரண்டாவது போன் வைத்துக்கொள்ள வசதி இருந்தவரிடம் கேமரா தோற்றது. ஒற்றைப் போனில், ஒற்றை அறையில் நேர்மையாக எழுதியவரிடம் கறாராக நின்றது. ஏமாற்றுவதையும் அது வசதியுள்ளவர்களுக்கே எளிதாக்கியது.

வசதி என்றதும் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-வது சுற்றின்படி, இந்தியாவில் கணினி இருந்த கிராமப்புற வீடுகள் 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு. இந்த நிலையில்தான் நாடு ஆன்லைன் தேர்வுக்குள் போனது. 2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் மலைக் கிராமத்து மாணவரிடம் டேட்டா இருந்தாலும் டவர் இல்லையே. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, ஊர் எல்லைப் பாலம் என்று சிக்னல் கிடைக்கும் இடம் தேடித்தான் அவர்கள் தேர்வு எழுதினார்கள். மிசோரமில் கல்லூரி மாணவர்கள் மலை உச்சியில் குடிசை போட்டு எழுதிய படம் அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது.

தாளில் எழுதி ஏற்றும் முறையிலும் இதே கதைதான், வடிவம்தான் வேறு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாணவர்கள் எல்லோரும் ஸ்கேன் செய்யப் பயன்படுத்தி வந்த கேம்ஸ்கேனர் செயலி, 2020 ஜூன் இறுதியில் தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்று. அதற்கடுத்த செப்டம்பரில்தான் 'ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்று' என்று சொல்லப்பட்டது. புதுச் செயலி, பக்கம் மாறிப்போன தாள்கள், சுழன்றுகொண்டே இருக்கும் வட்டம், நெருங்கும் கெடு. எழுதும்போது வராத பதற்றம் ஏற்றும்போது வந்தது. அந்தப் பக்கம் பேராசிரியர்கள் நிலையும் சுகமில்லை. நிழல் விழுந்த, தலைகீழாகத் திரும்பிய புகைப்படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தினார்கள்.

கோளாறு எங்கே?

கொள்குறி வகை, பிறகு விரிவான விடை. கறாரான கேமரா, பிறகு கேமராவே இல்லை. ஊசல் இப்படி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியதற்குக் காரணம், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான்: தேர்வறையை எப்படி வீட்டுக்குள் கொண்டு போவது? வீட்டில் இருக்கும் மாணவரிடம் எதைக் கேட்டால் அவருக்குப் பாடம் புரிந்ததா என்று தெரியும் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. புத்தகத்தில் அப்படியே விடை இருக்கும் கேள்வியைக் கேட்டால் புத்தகத்தைப் பூட்டி வைத்தாக வேண்டும். பூட்ட ஒரு காவலாளி வேண்டும். ஒரு சர்க்யூட்டைக் கொடுத்து 'இதில் எது பிழை, ஏன்?' என்று கேட்டால் புத்தகம் திறந்திருந்தாலும் பெரிய லாபமில்லை. எழுதிய விடையைப் பற்றி ஐந்து நிமிடம் போனில் வாய்மொழியாகக் கேட்டால் போதும், யார் எழுதியது என்று எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

இதைச் செய்ய முடியாமல் போனதற்கு நியாயமான காரணமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம். அப்போது நடப்பில் இருந்த 2017 விதிமுறையில் இன்டர்னலுக்கு 20 மதிப்பெண், பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80. மாணவரை நேரில் அறிந்த ஆசிரியரின் கையில் ஐந்தில் ஒரு பங்குதான். சில கல்லூரிகள் இன்டர்னலை அள்ளிக் கொடுக்கும் என்ற பயத்தில் போட்ட பூட்டு அது. பயம் பொய்யும் அல்ல. ஆனால் பெருந்தொற்று வந்தபோது, மாணவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் அந்த ஆசிரியர்தான். அவரை நம்பாமல், எங்கோ இருக்கும் சர்வரை நம்பினோம்.

2021 நவம்பரில் மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் 'தேர்வை ஆன்லைனிலேயே நடத்து' என்று தெருவுக்கு வந்தார்கள். மதுரையில் வழக்குகூடப் பதிவானது. 'பார்த்து எழுதத்தானே கேட்கிறீங்க' என்று சமூக வலைதளங்கள் கிண்டலடித்தன. அந்த ஆசை பலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வைத்த வாதத்துக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை: பெரும்பாலான பாடத்தை ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் வைப்பது எப்படிச் சரி? நேரடித் தேர்வுதான் என்று முதலில் உறுதியாக நின்ற அரசு, மூன்றாம் அலை வந்ததும் 2022 பிப்ரவரியில் ஆன்லைனிலேயே தேர்வை நடத்தியது.

இப்போது ஏன் இந்தப் பழைய கதை?

பழைய கதை இல்லை. இன்று கேம்பஸ் வேலைக்கான முதல் கட்டத் தேர்வு வீட்டிலிருந்தே, கேமரா முன்னால்தான் பெரும்பாலும் நடக்கிறது. வேலையில் இருப்பவர்கள் எழுதும் கிளவுட் சான்றிதழ்த் தேர்வுகளிலும் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். கல்லூரியிலாவது போராட்டம் நடத்தலாம், அமைச்சரிடம் போகலாம். ஒரு நிறுவனம் 'யு ஆர் நாட் ஷார்ட்லிஸ்டட்' என்று மெயில் அனுப்பினால், அது மதிப்பெண்ணால் வந்ததா, பாட்டி குறுக்கே நடந்ததால் வந்ததா என்று யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் ஒரு மாணவர் இதைக் கேட்டார். 2021 பிப்ரவரியில் வேதியியல் தேர்வுக்கு முன் அவருடைய படுக்கையறையை கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது கிளீவ்லேண்ட் மாகாணப் பல்கலைக்கழகம். அவர் வழக்குப் போட்டார். அது அரசியல் சாசனத்துக்கு முரணான சோதனை என்று 2022 ஆகஸ்ட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2021-ல் லட்சக்கணக்கான வீடுகளின் உட்புறம் படமானபோது அந்தப் படங்களுக்கு என்ன விதி என்று சொல்லத் தனிச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல்தான் வந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு தேர்வு நடத்தும் எவரிடமும், பல்கலைக்கழகமோ நிறுவனமோ, எழுதுபவர் கேட்க வேண்டியவை அதிகமில்லை. என்ன செய்தால் கொடி விழும் என்று முன்பே சொல்லுங்கள். கொடி விழுந்தால் அந்த வீடியோ துண்டை எனக்குக் காட்டுங்கள். தண்டிக்கும் முன் ஒரு மனிதர் அதைப் பார்க்கட்டும், என் பதிலையும் கேட்கட்டும். வேலை முடிந்ததும் என் வீட்டுப் படத்தை அழித்துவிடுங்கள். தேர்வறையில் பிட்டுடன் பிடிபட்டவருக்கே இதில் முதல் மூன்றும் எப்போதும் கிடைத்துத்தான் வந்தன.